சண்டிலிப்பாய் முற்றத்தில் ஒரு சறுக்கல் வகுப்பு

சிவமயம்

சண்டிலிப்பாய்,
1937ஆம் ஆண்டு மாசி மாதம் 12ஆந் திகதி.

கிளாஸ்கோ பட்டினத்தில் எஞ்சினியர் படிப்புப் படிக்கும் என் அன்பு மருமகன் சீவரத்தினத்துக்கு, அம்மான் ஏரம்பு எழுதிக்கொள்வது. இங்கே என் அக்காவான உன் அம்மாவும் நானும் உன் மாமி இரத்தினம்மாவும் எங்கள் கடைக்குட்டி அருந்ததியும் முருகன் துணையால் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் தடிமன் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். சுகமாக இருக்கிறோம் என்று போன மூன்று கடிதத்திலும் எழுதினேன் ராசா. இந்தக் கடிதத்தில்தான் அது உண்மை. பயப்படாமல் கடைசி வரி வரைக்கும் வாசி, நடுவில் நிறுத்திவிட்டுக் டிக்கெட் எடுக்கக் கப்பல் கந்தோருக்கு ஓடாதே.

ஐப்பசி மழையில் உன் அம்மா கிணற்றடிப் பாசியில் சறுக்கி விழுந்து வலக்கால் எலும்பு முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. உனக்குச் சோதனை நேரம், தெரிந்தால் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று, வலியோடு வலியாக என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். தான் மறுபடி எழும்பி நடந்த பிறகுதான் உனக்கு எழுதலாம் என்பது அவள் கட்டளை. அதனால்தான் அக்கா கந்தசட்டிக்கு ஆறு நாளும் மாவிட்டபுரம் கோயிலுக்கு நடந்து போனாள், சூரன்போரில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு நின்றாள், தைப்பொங்கலுக்கு முற்றம் மெழுகிக் கோலம் போட்டாள் என்றெல்லாம் எழுதினேன். அப்படி எழுதுவது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை என்று உனக்குத் தெரியும், அஞ்சாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் பினாங்கில் மூன்று வெள்ளைக்காரத் துரைமாருக்கு வாயாலேயே கணக்குக் காட்டினவன் நான். ஆனாலும் அந்த மூன்று கடிதத்தையும் எழுதும்போது என் கை ஓடவில்லை. விழுந்த அன்று கிணற்றடியிலிருந்து வீடு வரைக்கும் அக்காவை நான் ஒரே மூச்சில் தனியே தூக்கி வந்தேன், வலிகாமத்தில் வேறு யாராலும் முடியாது என்று முறிவு வைத்தியம் பார்க்க வந்த பரியாரியாரே சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் இருவர் கால்பக்கம் பிடித்தார்கள் என்று உன் மாமி சொல்வாள், அதை நீ கணக்கில் எடுக்காதே.

கதிரவேலுப் பரியாரியார் பனைமட்டைச் சிம்பு வைத்துக் கட்டி நாற்பத்தைந்து நாளில் கட்டு அவிழ்த்தார். எலும்பு அழகாகப் பொருந்திவிட்டது. ஆனால் அக்கா காலை நிலத்தில் ஊன்ற மாட்டேன் என்றுவிட்டாள். எழுப்பி நிறுத்தினால் உடம்பு முழுவதும் நடுங்கும், விடு விடு என்று அழுவாள். குசினிக்கும் கோடிப்புறத்துக்கும் இருந்தபடியே நகர்ந்து நகர்ந்து போவாள், படலை திறக்கும் சத்தம் கேட்டால் சீலையை இழுத்துக் காலை மூடிக்கொள்வாள். வெள்ளணவே எழும்பி ஊருக்கு முன்னம் தண்ணீர் அள்ளுகிற மனுசி, அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பரியாரியார் வந்து பார்த்துவிட்டு, “ஏரம்பு, எலும்புக்குப் பத்துப் போட்டன், பயத்துக்குப் பத்துப் போட எனக்குத் தெரியாது. மாசி முடியமுன்னம் உவ காலை ஊண்டாட்டி அது சூம்பிப் போடும், பிறகு நான் வந்தும் பிரயோசனமில்லை” என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். தச்சனைக் கொண்டு வேப்பமரத்தில் ஊன்றுகோல் செய்வித்தேன், அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பினாங்கில் இரண்டு காலும் இல்லாத ஒருவன் தென்னையில் ஏறித் தேங்காய் பறித்ததைக் கண்ணால் கண்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். முந்தியென்றால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள், அன்றைக்கு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் தை பதினெட்டாந் திகதி தபால்காரன் சூசைதாசன் உன் கடிதத்தைக் கொண்டுவந்தான். சனிக்கிழமை தோறும் ஒரு பெரிய மண்டபத்தில் ஐஸ் உறையவைத்த தரையில் சப்பாத்துக்கு அடியில் கத்தி பூட்டிக்கொண்டு சறுக்கப் பழகுகிறாய் என்றும், ஏழு வயதுப் பெட்டையும் பேக்கரியில் பாண் போடுகிற ஒரு தடித்த மனுசனும் அறுபத்துமூன்று வயதுக் கிழவி ஒருத்தியும் நீயும் ஒரே வகுப்பு என்றும் எழுதியிருந்தாய். ஊரில் சிலர், எஞ்சினியர் படிக்கப் போன பொடியனைக் குழந்தைகளோடு அரிவரி வகுப்பில் இருத்திவிட்டார்களாம் என்று கதைக்கத் தொடங்கினார்கள். ஐஸில் நடக்கத் தெரியாதவனுக்கு அங்கே எஞ்சினியர் பட்டமே கொடுக்கமாட்டார்கள், ஆறுகள் உறைந்த காலத்தில் பாலம் கட்டுவது எப்படி என்று நான் கேட்டேன்.

நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன் என்று நினைக்காதே, அதை நான் எப்படி வாசித்தேன் என்பது உனக்குத் தெரியவேண்டும். முதல் நாள் வாத்தியார் சறுக்கவே விடவில்லை, விழப் பழக்கினார் என்று எழுதியிருந்தாய் அல்லவா. முழங்காலை மடித்து, கையை முன்னுக்கு நீட்டி, பின்பக்கம் சாயாமல் பக்கவாட்டில் தரையில் இருந்துவிட வேண்டும், பிறகு புரண்டு நாலு காலில் நின்று, ஒரு பாதத்தை ஊன்றி, தொடையில் கை கொடுத்து எழும்ப வேண்டும் என்று. அந்த இடம் வந்ததும் அக்கா சுவர்ப்பக்கம் இருந்து திரும்பினாள். நோகவில்லையாமா என்று கேட்டாள். பிறகு, “விழுந்தவனை ஆர் தூக்கினது?” என்று கேட்டாள். ஒருவரும் தூக்கக்கூடாது, தானே எழும்பவேண்டும், அதுதான் வகுப்பின் சட்டம் என்று நீ எழுதியபடி சொன்னேன். அந்த இடத்தை இன்னொருக்கால் வாசி என்றாள். மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் என் மூளை வேலை செய்யத் தொடங்கிற்று. உன் கிழவிக்கு எண்பத்தொரு வயது என்று வாசித்தேன். அவளுக்கு இரண்டு காலும் முறிந்து பொருந்தினது என்றும் சேர்த்தேன். அவளுக்குப் புருசன் இல்லை என்று நீ எழுதியிருந்ததை விட்டுவிட்டேன், உன் அப்பாவின் நினைவு வந்து அக்காவின் மனம் நோகும் என்று.

அடுத்த நாளே எங்கள் முற்றத்தில் சறுக்கல் வகுப்புத் தொடங்கினேன். மாமரத்துக்கும் பலாவுக்கும் இடையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பூவரசங்கம்பைக் கட்டினேன், உங்கள் மண்டபத்தில் பழகுகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கம்பிக்குப் பதிலாக. கீழே வைக்கோல் பரப்பினேன். மாணாக்கர் நாலு பேர், அருந்ததிக்குப் பதினொரு மாதம், இன்னும் நடக்கவில்லை, அக்காவுக்கு ஐம்பத்திரண்டு, உன் மாமி, பிறகு நான். எனக்கு உண்மையில் பாடம் தேவையில்லை, பினாங்கில் குளிர் அறைக்குள் ஐஸ்பாறை மேல் நின்று வேலை செய்தவன், ஆனாலும் மற்றவர்களுக்கு ஊக்கமாக இருக்கட்டும் என்று சேர்ந்தேன். முதல் பாடம் விழுதல். ஆசிரியன் நானே விழுந்து காட்டினேன். முழங்காலை மடிக்க மறந்துபோனேன், இடுப்புப் பிடித்துக்கொண்டது, வைக்கோலில் ஆமை மாதிரி மல்லாந்து கிடந்தேன். உன் மாமி பதறித் தூக்க வந்தாள். அக்கா பாயில் இருந்தபடியே, “தூக்காதை இரத்தினம், சட்டம் இருக்கு” என்றாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு தரம் விழுந்திருப்பேன், ஆனால் எழும்ப முடியவில்லை.

நாலு நாள் அக்கா நிற்கவே இல்லை ராசா. பாயிலிருந்து வைக்கோலில் சரிவதும், புரள்வதும், கையூன்றி முழங்காலில் வருவதும், கம்பைப் பிடித்து அரைவாசி எழும்பித் திரும்பச் சரிவதும்தான். பக்கத்தில் அருந்ததியும் அதையே செய்தாள், தொப்பென்று நிலத்தில் இருப்பாள், எழும்புவாள். எங்கள் எல்லோரிலும் அவள்தான் கெட்டிக்காரி, அவளுக்கு மறக்கவேண்டியது ஒன்றும் இல்லை. அஞ்சாம் நாள் அக்கா கம்பைப் பிடித்துக்கொண்டு முழுவதாக எழும்பி நின்றாள், வலக்கால் நிலத்தில்தான் இருந்தது. பிறகு கம்போடு ஒரு அடி, இரண்டு அடி, மாமரத்திலிருந்து பலா வரைக்கும். நான் ஒவ்வொரு நாளும் உன் கடிதத்தைக் கையில் வைத்து வாசித்துப் பாடம் நடத்தினேன். கடிதம் நாலு பக்கம்தானே, பாடம் முடிந்துவிட்டது, அதனால் கிழவியைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தேன். ஒரு காலில் சுழன்றாள், அந்த நாட்டு ராசா கையால் பதக்கம் வாங்கினாள், வாத்தியாரையே முந்தினாள். ஆனால் பத்து நாளாகியும் அக்கா கம்பை விடவில்லை. ஒரு விரலாவது அதில் இருக்கும். எடுத்தால் நடுக்கம் வந்துவிடும். மாசி பிறந்துவிட்டது. பரியாரியார் படலையடியில் நின்று பார்த்து, விரல்விட்டு நாள் எண்ணிவிட்டுப் போனார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போன வியாழக்கிழமை காலை கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அக்கா சொன்னாள். “தம்பி, உந்தக் கிழவிக்கு நேற்று எண்பத்தொண்டு, இண்டைக்கு எண்பத்தாறு. இப்பிடியே போனால் மனுசி நான் நடக்கமுன்னம் செத்துப்போடும். உவ்வளவு கெட்டிக்காரி எனக்கு வேண்டாம். பொடியன் எழுதினதை எழுதினபடி வாசி.”

அவளுக்கு முதல் நாளே தெரியுமாம், பொய் வாசிக்கும்போது என் கண் கடுதாசியில் இருப்பதில்லையாம். வேறு வழியில்லாமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நீ எழுதினபடியே வாசித்தேன். அந்த அம்மையாருக்கு அறுபத்துமூன்று வயது. புருசன் போன வருசம் காலமானார். வீட்டில் தனியே இருக்க முடியாமல் வகுப்புக்கு வருகிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் சப்பாத்துக் கட்டும்போது பயத்தில் கை நடுங்குகிறது என்று என்னிடம் சொன்னார், நடுக்கம் நின்ற பிறகு எழும்புவோம் என்று இருந்தால் வகுப்பு முடிந்துவிடும் என்பதால் நடுக்கத்தோடேயே எழும்பிவிடுகிறார். அதற்குக் கீழே நீ உன்னைப்பற்றி எழுதியிருந்தாய், எனக்கு இன்னும் ஒழுங்காகச் சறுக்கத் தெரியாது, விழுந்தால் எழும்பத் தெரியும், அதனால் கம்பியை விட்டுவிட்டேன் என்று.

அக்கா அந்த மனுசிக்குப் பிள்ளைகள் இல்லையாமா என்று மட்டும் கேட்டாள். நீ அதை எழுதவில்லை என்றேன், எழுதாததைச் சேர்த்துச் சொல்லவில்லை. கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, சீலைக்கரை ஆடியதை நான் கண்டேன். கையை எடுத்தாள். உன் மாமி அருந்ததியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அக்கா மாமரத்தடியிலிருந்து கிணற்றுப் பக்கமாக நடந்தாள், நாலாம் அடியில் ஒரு பக்கம் சாய்ந்தாள், நான் பாய்ந்தேன், தூக்காதை என்று கையைக் காட்டினாள். விழவில்லை. கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு, விழுந்த அதே கல்லைப் பார்த்து, “இதைத் தேங்காய்த் தும்பாலை தேய்க்கவேணும்” என்றாள். ஊரில் நான் நூறு அடி நடந்தாள் என்று சொல்லியிருக்கிறேன், பரியாரியாருக்கு ஐம்பது. உனக்குச் சொல்கிறேன் ராசா, ஒன்பது அடி. அன்றிலிருந்து தினமும் கிணற்றடிக்கு அவளே போகிறாள், ஊன்றுகோலோடு, மெதுவாக. எண்பத்தாறு வயதுக்காரி செய்விக்காததை அறுபத்துமூன்று வயதுக்காரி செய்வித்துவிட்டாள், என் ஆயுளில் நான் தோற்றது இது ஒன்றுதான்.

சறுக்கலை நீ விடவேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள். ஆனால் உறைந்த குளத்தில் போகாதே, மண்டபத்துக்குள் மட்டும் பழகு, முழங்காலுக்குத் துணி சுற்று, சனிக்கிழமை எண்ணெய் முழுக்கை விட்டுவிட்டுப் போகிறாய் என்பதில் அவளுக்கு மனக்குறை உண்டு. இரண்டு போத்தல் நல்லெண்ணெயும் பனங்கட்டியும் அனுப்ப வழி பார்க்கிறேன். எங்கள் தோட்டத்துப் புகையிலை இந்த முறை ஆள் உயரம், இலை ஒவ்வொன்றும் குடை அளவு, சரி, அரைக் குடை அளவு. அருந்ததி நேற்று ஓடினாள். நீ சோதனையில் சித்தியெய்தி, நோய் நொடி இல்லாமல், போன காலோடு திரும்பி வரவேண்டும் என்று நாங்கள் எல்லோரும் நல்லூரானைக் கும்பிடுகிறோம்.

மறக்காமல் செய்யவேண்டியது ஒன்று. மாசி மகத்தன்று அம்மா கோயிலுக்கு நடந்து போய் அந்த அம்மையாரின் பெயரில் அருச்சனை செய்விக்கப் போகிறாளாம். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். பதில் வந்துசேர மாசி மகம் போய்விடும் என்றேன், முருகன் இந்த முறை பொறுப்பார், அடுத்த மாதமும் செய்வேன் என்கிறாள். ஆகையால் அவரின் முழுப்பெயரையும், பிறந்த திகதியையும், தெரிந்தால் நேரத்தையும் பக்குவமாகக் கேட்டு எழுது. நட்சத்திரத்தைப் பஞ்சாங்கம் பார்த்து நான் கண்டுபிடிக்கிறேன். வயதை மட்டும் நீயே தெளிவாக எழுத்தில் எழுது, அதை அம்மாவுக்கு நான் அப்படியே வாசிப்பேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மான்
வே. ஏரம்பு