கரண்டிச் சத்தம்

1946 நவம்பர், சனிக்கிழமை இரவு.

ஊர் திரும்பும் அமெரிக்க துரை ஒருவர் இன்று கிளப்பில் என்னிடம் அரை பாட்டில் ரை விஸ்கியைக் கொடுத்துவிட்டுப் போனார். இத்தனை வருஷமாக அந்த பாரில் எவனெவனுக்கோ கலந்து கொடுத்திருக்கிறேன். நான் ஒரு வாய் குடித்ததில்லை. சாயங்காலம் வீட்டில் எனக்கென்று ஒன்று கலந்தேன். விஸ்கி, கொஞ்சம் வெர்மூத் ஒயின், இரண்டு சொட்டு பிட்டர்ஸ் கசப்பு. ஐஸ் கல்மண்டபம் மார்க்கெட் மீன்காரியிடம் வாங்கியது. மரத்தூள் போகக் கழுவியும் மீன் வாடை போகவில்லை.

இதைக் குலுக்கக் கூடாது, கரண்டியால் கலக்க வேண்டும். கரண்டி கிளாசில் இடிக்கவே கூடாது. கிளப்பில் என் கரண்டி ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. இன்று என்னவோ இடித்துவிட்டது.

உடனே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு ஸ்டெல்லா குரல் கொடுத்தாள்.

“இன்னாண்ணே, மருந்தா கலக்கிக்கினு கீறே? ஒடம்புக்கு இன்னா?”

என் மனைவி லூர்து படுக்கையில் கிடந்தபோது இந்த வீட்டில் ராத்திரி பகலாகக் கேட்ட கரண்டிச் சத்தம் அது. போன ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் அவள் கண்மூடியதோடு நின்றுபோனது.

“ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் இருமலு” என்றேன்.

“சூடா குட்ச்சிட்டு படுத்துக்கோண்ணே.”

சில்லென்று குடித்தேன். நன்றாகத்தான் கலந்திருந்தேன். அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

பிறகு காலிக் கிளாசில் கரண்டியை விட்டு, வேண்டுமென்றே இடித்து இடித்துக் கலக்கினேன்.

இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை.