ஃப்ரிட்ஜில இருக்கிறது குழம்பு இல்லை

ஃபீஃபி,

கடைக்குக் கிளம்பிட்டேன். செவ்வாய்க்கிழமை, நம்ம ஊர்ல யாரும் வலை போடக்கூடாத நாள்; உனக்குக் கடல் கிடையாது, நல்லாத் தூங்கு. எழுப்பலை. கோபமும் இன்னும் போகலை.

ஃப்ரிட்ஜில கிண்ணத்துல பச்சையா கொழகொழன்னு இருக்கே, அது என் தலைக்கு. வெண்டைக்காயை வேகவச்சு வடிகட்டினது. நேத்து அதைத்தான் களிக்குத் தொட்டுத் தின்னுட்டு, "உப்பு கம்மி, அராபா"ன்னே! உன் மீன் குழம்பு அடுப்பு மேல சிவப்புச் சட்டியில இருக்கு.

ஷியா வெண்ணெய் டப்பாவும் என் தலைக்குத் தடவத்தான். உன் குதிகால் வெடிப்புக்கு இல்லை.

மதியம் உங்க அக்கா வருவாங்க. எப்பவும்போல எனக்கு முடியை நேராக்குற க்ரீம் வாங்கிட்டு வருவாங்க. "அவ இனிமே அதைப் போடமாட்டா. க்ரீம்ல வெந்துபோன முடியை எல்லாம் வெட்டிட்டா, சுருட்டை முடியா வளர்க்கப்போறா"ன்னு நீயே சொல்லிடு. என் ஒட்ட வெட்டின தலையைப் பார்த்துக் கேட்ட மாதிரி, "எந்த க்ளாஸ் படிக்கிறே பாப்பா?"ன்னு அவங்க முன்னாடி ஆரம்பிச்சே, தொலைஞ்சே. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துல பொண்ணுங்க எல்லாருக்கும் ஒட்ட வெட்டிவிடுவாங்க, சரி. இது நானே ஆசைப்பட்டு வெட்டினது.

வெளியே போனா சாவியைப் பக்கத்து வீட்ல குடு.

அராபா

இன்னொண்ணு. முடி உரசி உடையாம இருக்கத் தினமும் பட்டுத்துணி கட்டிட்டுப் படுப்பேன்ல? நேத்து உன்மேல இருந்த கோபத்துல கட்டாமலே தூங்கிட்டேன். காலையில எழுந்தா தலையில துணி இருக்கு! அதுவும் நீ மீன் வலைக்குப் போடுற முடிச்சு. எவ்வளவு இழுத்தும் அவிழலை, அப்படியேதான் கடைக்குப் போறேன்.

இன்னிக்கும் நீயே கட்டிவிடு. கொஞ்சம் லூசா.