மூன்றாம் கேப், நான்காம் கேப்

மே 4, திங்கள்

சித்தி மகள் விடுமுறைக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. அதற்குள் அப்பாவின் எஞ்சின் பட்டறையில் என் முக்காலி அவளுடையதாகிவிட்டது. என்னைவிட மூன்றே மாதம் இளையவள். ஆனால் வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டு என்னைக் கிழவியாக்குகிறாள்.

மயிரிழை வித்தியாசத்தையும் முள்ளைச் சுற்றிக் காட்டும் டயல் கேஜை இன்று அப்பா அவள் கையில் கொடுத்தார். இரண்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் அதே டயல் கேஜ்! நான் கேட்டால், "உன்கிட்ட குடுத்தா முள்ளு சுத்தாது, என் தலைதான் சுத்தும்" என்பார். போன வருடம் அவர் போனில், இரும்பில் குறிபோடும் மார்க்கிங் நீலத்தைத் தடவி வைத்தேன். நாள் முழுக்க ஒரு காது நீலமாக வாடிக்கைக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். அதை இன்னும் மறக்கவில்லை. என் பிறந்தநாள் மட்டும் மறந்துபோகும்.

வயிறு எரிகிறது. வெல்டிங் இல்லாமலே.

மே 6, புதன்

மைக்ரான் (இனி அவள் பெயர் இதுதான்) இன்று "ரெண்டு மைக்ரான் கூட இருக்கு பெரியப்பா" என்று பதினோரு முறை சொன்னாள். எண்ணினேன்.

மே 8, வெள்ளி

தண்ணீர் லாரிக்காரரின் எஞ்சின் பிளாக் வந்திருக்கிறது. சூடேறிக் கோணிப்போன பிளாக். எஞ்சினுக்குள் சுற்றும் தண்டான கிராங்க் அதில் ஐந்து இடத்தில் உட்காரும். ஒவ்வோர் இடத்துக்கும் மேலே அரைவட்டமாக ஒரு மூடி, அதுதான் கேப். கேப்பின் அடியைக் கொஞ்சம் தேய்த்து, பிளாக்கோடு போல்ட் போட்டு, ஐந்து துளையையும் வெட்டுமுனை பூட்டிய ஒரே கம்பியால் நேர்கோட்டில் கடைய வேண்டும். லைன் போரிங்.

"ஒரு கேப்பை எந்த இடத்துல வச்சுக் கடையறோமோ, ஆயுசுக்கும் அது அந்த இடத்துக்குத்தான். மாத்திப் போட்டா கிராங்க் சுத்தாது. அதுக்குத்தான் ஒவ்வொண்ணு மேலயும் நம்பர்" என்று அப்பா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பத்து வயதிலிருந்தே எனக்குத் தெரியும் இது. அவள் கேப் விடாமல் கேப்பைப் பற்றிக் கேட்டாள், அவரும் சலிக்காமல் சொன்னார். நடுவில் நான் வாயைத் திறந்தேன்.

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். சும்மா இரு."

திங்கட்கிழமை அவளே தனியாகக் கடையப் போகிறாளாம். நான் இரும்புத்தூள் கூட்ட வேண்டுமாம். லைனும் போரிங், நானும் போரிங்.

மே 11, திங்கள்

செய்துவிட்டேன்.

மைக்ரான் சாப்பிடப் போனபோது, மேசையில் வரிசையாக இருந்த கேப்புகளில் மூன்றையும் நான்கையும் இடம் மாற்றினேன். எண்களின்மேல் விரலால் கொஞ்சம் கிரீஸ். போல்ட் முறுக்கும்போது அப்பா கண்டுபிடிப்பார், "நம்பர்கூடப் பாக்க மாட்டியா?" என்று அவளுக்கு ஒரு திட்டு விழும், நான் கூட்டிக்கொண்டே கேட்பேன். திட்டம் அவ்வளவுதான்.

அப்பா போனில் இருந்தார். அவள் வரிசையை நம்பினாள். போல்ட் இறுகியது, கம்பி உள்ளே போய்ச் சுற்ற ஆரம்பித்தது. நிறுத்துன்னு சொல்ல வாயெடுத்தேன் — அப்பன்னு பாத்து அப்பா "தங்கக் கைடா இது!"ங்கிறார். என் வாய் மூடிக்கிச்சு. தானா மூடிக்கிச்சா, நான் மூடினேனா?

ஐந்து துளையும் கண்ணாடி மாதிரி. அப்பா அளந்து பார்த்தார், ஒரே கோடு. "வாலு, இங்க வந்து பாரு. வேலைன்னா இது."

போய்ப் பார்த்தேன். வேலைதான்.

மே 12, செவ்வாய்

கேப்புகளைக் கழற்றிக் கழுவி, எண்படி அடுக்கிவிட்டாள். சொல்ல இன்னும் நேரமிருக்கிறது.

மே 14, வியாழன்

நேரம் இல்லை.

இன்று கிராங்கை உட்கார வைத்தார்கள். முதல் கேப், இரண்டாம் கேப் — விரலால் தள்ளினாலே சுற்றியது. மூன்றாவதை முறுக்கியதும் பல்லைக் கடித்தது போல நின்றுவிட்டது. தளர்த்தினால் சுற்றும், இறுக்கினால் நிற்கும். நான்காவதும் அப்படியே.

அப்பா மூன்று முறை அளந்தார். "திங்கக்கிழமை சரியா இருந்துச்சே" என்று பிளாக்கிடமே கேட்டார். பிறகு மைக்ரானைப் பார்த்து, "உன்னை நம்பித் தனியா விட்டது என் தப்புதாம்மா" என்றார்.

நான் கேட்க ஆசைப்பட்டதைவிட நல்ல திட்டு. அப்படியென்றால் எனக்கு ஏன் இனிக்கவில்லை?

நாளைக் காலையில் மறுபடி தேய்த்துக் கடையப் போகிறார். இனி தேய்த்தால் கிராங்க் இன்னும் மேலே ஏறி, மற்ற பாகங்களோடு பொருந்தாமல் போய்விடும். பிளாக் பழைய இரும்புக்குப் போனாலும் போகலாம். மைக்ரான் கம்ப்ரஸருக்குப் பின்னால் நின்று அழுதாள். நாளைக்கே ஊருக்குக் கிளம்புகிறாளாம்.

அப்பா டயல் கேஜை என்னிடம் நீட்டினார். "நாளைக்கு நீ பிடி."

வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கிட்டேனே, நான்லாம் ஒரு மனுஷியா?

மே 15, வெள்ளி

மூன்றாம் கேப்பை அப்பா கிரைண்டரில் பூட்டிவிட்டார். சுவிட்சில் கை.

"அப்பா, தேய்க்காதீங்க. மூணையும் நாலையும் மாத்திப் போட்டுப் பாருங்க."

"நம்பர் கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?"

"நம்பர்தான் தப்பு. கடையும்போது ரெண்டும் மாறித்தான் இருந்துச்சு."

"உனக்கெப்படித் தெரியும்?"

கிரீஸ் தடவிய விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். அப்பா சுவிட்சிலிருந்து கையை எடுத்து, கேப்பைக் கிரைண்டரிலிருந்து கழற்றினார். நான்கை மூன்றின் இடத்திலும் மூன்றை நான்கின் இடத்திலும் வைத்து, ஐந்தையும் முறுக்கினார். ஒரு விரலால் தள்ளினார். கிராங்க் சத்தமில்லாமல் சுற்றியது. நிற்க மனமில்லாமல் சுற்றியது.

பை தோளில் தொங்க வாசலில் நின்ற மைக்ரான், "நீயாக்கா?" என்றாள்.

"நான்தான்."

"நானும் நம்பரைப் பாக்காமத்தானே போட்டேன்" என்று தன் தப்பைக் கொண்டுவந்து என் தப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். சண்டை போட்டிருக்கலாம். நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாள்.

அப்பா திட்டவில்லை. டயல் கேஜை என் கையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார். என்னிடம் அரத்தையும் எண் அடிக்கும் உளியையும் நீட்டினார். "பழைய நம்பரை அராவி எடு. சரியானதை நீயே அடி."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

மே 20, புதன்

தண்ணீர் லாரி நேற்று ஓட ஆரம்பித்துவிட்டது. இன்று வேறொரு பிளாக். கேப்பைக் கழற்றுவதற்கு முன் எண் அடிப்பது இனி என் வேலை, கடைவது மைக்ரான்.

அவள் கடைந்ததை அப்பா ஒரு முறை அளந்தார். நான் அடித்த எண்களை ஒவ்வொன்றாக விரலால் தடவி, இடத்தோடு ஒப்பிட்டு, மறுபடி முதலிலிருந்து பார்த்தார். ஐந்தையும்.

இருட்டாக இருந்தது. விளக்கை அவருக்குக் கிட்டே பிடித்தேன்.