உட்கார்ந்தால் தெரியும் மலை

ஜூலை 3, வியாழன்

அப்பா கேட்ட விளம்பர வாசகத்தை இன்று எழுதிக் கொடுத்தேன். மலைச்சரிவில் அவர் கட்டிக்கொண்டிருக்கும் முதியோர் குடியிருப்புக்கு. மூன்று எழுதியதில் அவர் எடுத்துக்கொண்டது, ‘எல்லா அறைகளிலிருந்தும் மலை தெரியும்.’ மற்ற இரண்டிலும் உவமை இருந்தது. உவமைக்கு யாரும் முன்பணம் கட்ட மாட்டார்களாம்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்குப் பேச்சு இல்லை, வலது பக்கம் அசைவும் இல்லை. ஊட்டிக்கொண்டிருந்த அத்தைதான் பதில் சொன்னாள்: “அப்பன் செங்கல்லை அடுக்குறான், பொண்ணு சொல்லை அடுக்குறா.”

ஜூலை 6, ஞாயிறு

அத்தை தன் வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டுமாம். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதத்துக்கென்று வந்தவள். “எனக்கும் ஒரு வீடு இருக்குடா. அங்க ஒரு மனுஷன் மூணு வேளையும் ரொட்டி தின்னுக்கிட்டு உக்காந்திருக்காரு.” அப்பா, பார்க்கலாம் என்றார்.

பார்க்கலாம் என்றால்? யார், எதை?

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்போ பள்ளிக்கூடத்துக்கு அம்மாவையும் தூக்கிக்கிட்டுப் போவியா என்றாள் அத்தை. உங்கப்பன் கட்டுற இடத்துலயே விட்டால் என்ன என்றும் முணுமுணுத்தாள். அது முடியாது. அறுபது வயது நிறைந்தவர்களுக்கு மட்டும் என்று அங்கே வாசலில் பலகை இருக்கிறது. அம்மாவுக்கு நாற்பத்து மூன்றுதான்.

அம்மா வீட்டிலேயே இருக்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஜூலை 13, ஞாயிறு

குடியிருப்பில் நாற்காலி ஏறும் சாய்தளங்களைச் சோதிக்க அப்பாவுக்கு ஒரு வழி உண்டு. அம்மாவின் சக்கர நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். அதில் நான் உட்கார வேண்டும், மேஸ்திரி தள்ளுவார். “பாப்பா, அந்தத் தடிப் புத்தகத்தைக் கீழ வையும்மா. ஏத்தத்துல அதையும் சேத்துத் தள்ள முடியல.”

நடக்க முடியாதவர்களுக்கான பராமரிப்புப் பிரிவில் ஓர் அறைக்குள் என்னை நிறுத்திவிட்டு அவர் தண்ணீர் குடிக்கப் போனார். ஜன்னலைப் பார்த்தேன். வானம். கழுத்தை நீட்டினால் ஒரு மின்கம்பி. எழுந்து நின்றேன் — மலை, முழுசாக. உட்கார்ந்தேன் — இல்லை. பக்கத்து அறைகளிலும் அப்படித்தான்.

வரைந்தவர், கட்டியவர், வாங்க வந்தவர்கள், எல்லாரும் நின்றுகொண்டே பார்த்திருக்கிறார்கள்.

ஜூலை 14, திங்கள்

இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னேன். யாரும் தவறி விழக் கூடாதென்றுதான் ஜன்னல் சுவர் அந்த உயரம் என்றார். பூச்சும் முடிந்துவிட்டதாம்.

“மலையைப் பாக்கணும்னா எழுந்து நின்னு பாக்கட்டும் கண்ணு.”

“எழுந்து நிக்க முடிஞ்சா எதுக்குப்பா அங்க வரப்போறாங்க?”

அப்பா தட்டைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

ஜூலை 20, ஞாயிறு

அப்பா அளவு டேப்போடு வந்தார். அம்மாவை நாற்காலியில் நேராக உட்காரவைத்து, தரையிலிருந்து அவள் கண் வரைக்கும் அளந்தார். டேப்பின் கீழ்முனையை நான்தான் பிடித்துக்கொண்டேன். பெருமையாக இருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

சாவி வாங்க வந்த மேஸ்திரி, ஜன்னல் சுவரை இடிக்கிறோம் என்றார். எல்லாம் உன்னாலதான் பாப்பா என்று சிரித்தார். எத்தனை அறை என்று கேட்டேன்.

“ஒண்ணுதான். கடைசி மூலை ரூம்.”

மாதிரிக்காக இருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பாவோடு குடியிருப்புக்குப் போனேன். மற்ற அறைகளுக்கெல்லாம் வண்ணம் அடித்தாயிற்று. ஜன்னல்கள் பழைய உயரத்திலேயே இருக்கின்றன.

மாதிரிக்காக இல்லை.

வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டேன். வீட்டுப்பாடம் முடித்தேன். தலை சீவிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அந்த மூலை அறை அம்மாவுக்கா என்று அப்பாவிடம் கேட்டுவிட்டேன். ஆமாம் என்றார். அங்கே எந்நேரமும் நர்ஸ் இருப்பாராம், கை கால் பயிற்சியும் உண்டாம். அறுபது வயது என்று பலகையில் இருக்கிறதே என்றேன்.

“பலகை நான் வெச்சதுதானே கண்ணு.”

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பற்பசை தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். நாளைக்கு வாங்குகிறேன் என்றார்.

ஆகஸ்ட் 16, சனி

அத்தை காலையில் கிளம்பினாள். அதற்கு முன் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மனசுக்குள்ள என்னைத் திட்டாதடி” என்றாள். திட்டவில்லை. உள்ளே தேடிப் பார்த்தேன், எதுவுமே இல்லை.

மத்தியானம் அம்மாவைக் கொண்டுபோய் விட்டோம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கூடத்தில் நாற்காலி நின்ற இடம் காலியாக இருக்கிறது. சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நான் சொன்னது சரிதான். அம்மாவின் நாற்காலி உயரத்துக்கு மலை நன்றாகத் தெரிகிறது. பக்கத்து அறைப் பெரியவரும் மலை பார்க்க இங்கேதான் வருகிறாராம்.

நான் போனபோது அம்மா கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டேன். நல்ல காலால் தரையை உந்தி உந்தி, மறுபடி கதவுப் பக்கமே திரும்பிக்கொண்டாள். அதற்கு வெகுநேரம் ஆயிற்று. நான் உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

அப்புறம் ஒரு முக்காலியை இழுத்து, கதவை மறைத்தாற்போல் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தாள். அவள் தோளுக்குப் பின்னால் எனக்கு மலை தெரிந்தது.