தாளில் படிந்த புகை

கடலூர் முதுநகர்
20.1.2003

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று ஜனவரி இருபது, காலை ஆறு மணி பத்து நிமிஷம். பன்னிரண்டாவது வடிதாளைக் கழற்றி அலுமினியத் தாளில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்த கையோடு எழுதுகிறேன். நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில்.

என் வேலை என்ன என்று கேட்டிருந்தாய். நான் தங்கியிருக்கும் விடுதி மொட்டைமாடியில் ஒரு இயந்திரம் கடற்காற்றை உறிஞ்சும். காற்றில் மிதக்கும் தூசு அதிலுள்ள வடிதாளில் படியும். அதில் என்னென்ன கரிமப் பொருள் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கடல் நுரை உடைந்து கிளம்பும் கொழுப்பு அமிலங்களை எதிர்பார்த்தேன். சென்னை ஆய்வகத்திலிருந்து வந்த முடிவில் அவற்றைவிட லெவோகுளுகோசன்தான் ஜாஸ்தி. இலையோ கட்டையோ எரிந்தால் மட்டுமே உண்டாகும் சர்க்கரை அது. ராத்திரிக் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். மேற்கே இப்போது எரிவது என்ன? வெட்டுக்கு முன்னால் நீங்கள் கொளுத்தும் கரும்பின் காய்ந்த இலை, சோகை.

அறிக்கையில் மணலூர்பேட்டை என்று ஊர் பேரையே போட்டுவிட்டேன். என் அக்காவே கொளுத்தினால் எனக்கு மானக்கேடு. இந்த வருஷம் நெருப்பு வைக்காதே. சோகையோடு வெட்டச் சொல். மறுபேச்சு வேண்டாம்.

மாமா லாரியோடு திரும்பிவிட்டாரா?

அன்புடன்,
தனசேகரன்


மணலூர்பேட்டை
28.1.2003

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது,

உன் கடிதம் கிடைத்தது. சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட விடமாட்டேன் என்கிறாய். மாமா வந்து, மறுபடி விஜயவாடா போய்விட்டார்.

நீ சொன்னபடி நெருப்பு வைக்கவில்லை. பக்கத்துக் காணி ராஜாங்கம் வரப்பில் நின்று, "இன்னாம்மா, உன் தம்பி காத்தப் புடிச்சி பொட்டியில வச்சிக்கினு கீறானாமே? எனக்கும் ரெண்டு பொட்டி அனுப்பச் சொல்லு, கரண்டு போனா தொறந்துக்கறேன்" என்றார். சிரித்துக்கொண்டே, "அவன் படிச்சவன், தெரியாம சொல்லமாட்டான்" என்றேன்.

கல்வராயன் மலையிலிருந்து மேஸ்திரி சடையனும் அவன் ஆட்களும் வெட்ட வந்திருக்கிறார்கள். சோகையோடு வெட்டுவதா என்று முகம் சுளிக்கிறார்கள். பேசிச் சரிக்கட்டியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அக்கா,
அம்சவள்ளி


மணலூர்பேட்டை
9.2.2003

தம்பிக்கு,

கரும்பு வெட்டும்போது சடையன் பெண்சாதி இருசம்மாள் கண்ணைச் சோகை கிழித்துவிட்டது. கருவிழியில் கீறல். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். பார்வை வருமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

சடையன் இரண்டு தரம் கேட்டான். "கொளுத்திட்டு வெட்டறங்கம்மா, சோகை மூஞ்சில அறையுது." நான்தான் உன் பேரைச் சொல்லித் தடுத்தேன். இப்போது அவன் என்னிடம் பேசுவதில்லை. மற்றவர்கள் பாதி வெட்டில் மலைக்குப் போய்விட்டார்கள்.

ஒன்று மட்டும் எழுது. உன் தாளில் இருந்தது எங்கள் புகைதானே? ஆமாம் என்றால் அந்தப் பெண் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தையாவது இருக்கும்.

அம்சவள்ளி


கடலூர் முதுநகர்
13.2.2003

அக்கா,

இல்லை.

உன் கடிதம் வந்த பிறகுதான் எல்லாத் தாளையும் தேதிவாரியாகப் பரப்பிப் பார்த்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டும். முழுநாளும் கடலிலிருந்தே காற்று வீசிய நாட்களிலும் அதே சர்க்கரை, அதே அளவு. பொங்கல் விடுமுறையில் எடுத்த ஒரு தாளில் மட்டும் கடல் உப்பு, கொழுப்பு அமிலம், அவ்வளவுதான். இயந்திரக் கோளாறு என்று அதை அன்றைக்கே ஒதுக்கிவிட்டிருந்தேன். கோளாறு இல்லை. அந்த நாட்களில் விடுதியில் சமையல் இல்லை.

மொட்டைமாடிச் சுவரிலிருந்து குனிந்து பார்த்தேன். இயந்திரத்துக்கு நேர் கீழே அடுப்படிப் புகைபோக்கி. எரிவது சவுக்குக் கட்டை. விடியலில் எனக்கு வெந்நீர் வேண்டும் என்று அடுப்பைச் சீக்கிரம் மூட்டச் சொன்னவனும் நான்தான். நேற்று சமையற்காரர் பூமாலையிடம் கெஞ்சி ஒரு நாள் கேஸ் அடுப்பில் சமைக்கச் சொன்னேன். "இன்னா சார், சோத்துலயும் ஆராய்ச்சியா?" என்றார். அன்றைய தாளைச் சென்னைக்கு அனுப்பவே தேவையில்லை. கட்டை எரிந்த நாள் தாளெல்லாம் பழுப்பு, அது வெள்ளை.

சோகை எரித்தால் நல்லது என்று சொல்ல வரவில்லை. ஆனால் நான் உன் மேல் போட்ட புகை உன்னுடையது இல்லை. என் குளியல் வெந்நீர்ப் புகைக்கு ஒரு பெண்ணின் கண் கிழிந்திருக்கிறது. இதை எழுதிவிட்டுக் கண்ணாடி பார்க்கக் கூசுகிறது. நீ சொல்ல வார்த்தை கேட்டாய். நான் நேரில் சொல்ல வேண்டியதை நீ சொல்ல வேண்டாம்.

இனிச் செய்யப்போவது:

1. நாளை காலை அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். பிழை யாருடையது என்று என் பேரோடு எழுதிக் கொடுக்கிறேன்.

2. மதியம் உளுந்தூர்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சி. இருசம்மாளிடமும் சடையனிடமும் அடுப்புக் கதையை ஒன்று விடாமல் சொல்வேன். சடையன் அடித்தால் வாங்கிக்கொள்வேன். மேல் வைத்தியத்துக்கு எங்கே போகச் சொன்னாலும் கூடப் போவேன்.

3. ராஜாங்கத்திடம் நானே போய்ச் சொல்வேன்.

4. பிறகு உன் கரும்புக் கொல்லைக்கு வருவேன். மீதிக் கரும்பை நான் வெட்டுகிறேன். கொளுத்திவிட்டா, சோகையோடா என்று நீயும் சடையனும் முடிவு செய்யுங்கள். நான் வாய் திறக்கமாட்டேன்.

தனசேகரன்