ஜெரோம் சார் மீன் விற்ற நாள்

நவம்பர் 10, திங்கள்

விடியலிலிருந்து மழை. உப்பளம் ரோட்டில் முழங்கால் தண்ணீர். வண்டி நின்றுபோய், ஆபீஸ் வரை தள்ளல். செருப்பு வார் அறுந்தது.

இன்றைக்கு:
– கம்ப்யூட்டரில் மீன் மார்க்கெட், மேற்குப் பக்க நிழல் போட
– துரையின் மைக்கைத் திருப்பித் தர
– அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை
– செருப்பு

மாத்திரை மட்டும் வாங்கியாயிற்று.

மதியத்துக்கு முன்னால் எல்லோரையும் மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். திரையில் பாரிஸ் அம்மாள், நாங்கள் செய்யும் கம்ப்யூட்டர் ஆட்டத்துக்குப் பணம் போடுகிற கம்பெனியின் பெரிய தலை. சிரித்த முகம். செலவு கூடிவிட்டதாம், புதுச்சேரி ஸ்டுடியோவில் பதினோரு பேர் போக வேண்டுமாம். யார் என்பது மெயிலில். அவர் நன்றி சொல்லி முடிப்பதற்குள் பிரியாவின் கம்ப்யூட்டர் அவள் பாஸ்வேர்டை ஏற்க மறுத்துவிட்டது.

பிரியா போகிறாள். துரை போகிறான். ஆட்டத்தில் வரும் சத்தம் முழுக்க அவன் பிடித்தது, அலை முதல் மீன் கத்தி வரை. எனக்கு மெயில் இல்லை. மூன்று முறை பார்த்தேன். இல்லை என்றதும் முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்கப் பாத்ரூம் போனேன்.

மேனேஜர் ஜெரோம் சார் (இனி ஜெ. சார், எழுதக் கை வலிக்கிறது) ஒவ்வொரு மேஜையாக வந்து கையைப் பிடித்தார். இந்த ஊர்க்காரர். கோபம் வந்தால் பிரெஞ்சு, வருத்தம் வந்தால் தமிழ். இன்று நாள் முழுக்கத் தமிழ்.

மைக்கைத் துரை வாங்கவில்லை. உன்னிடமே இருக்கட்டும் அக்கா, எனக்கு இப்போது எதற்கு என்றான்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். மில்லில் இருபது வருஷம், மூடியபோது கேட் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்.

"கேட்ட பூட்டிட்டானா?"

"கேட்டெல்லாம் இல்லப்பா. பாஸ்வேர்ட மாத்திட்டாங்க."

"அப்ப எங்கதான் ஒக்காருவீங்க?"

ரசம் ஊற்றினேன்.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல். ஆபீஸில் பாதி விளக்கு அணைத்தே கிடந்தது. டீக்காரர் பழக்கத்தில் பழைய கணக்குக்கே டீ கொண்டுவந்து, மிச்சத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு குடித்தேன்.

ஜெ. சார் அறைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். போன பதினோரு பேரின் முகங்களை ஆட்டத்தில் வரும் மீன் மார்க்கெட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். வேலையில் இருக்கும்வரைதான் முகத்தைப் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தமாம், பாரிஸ் வக்கீல் பயப்படுகிறாராம். வெள்ளிக்கிழமை பாரிஸ் அம்மாளுக்கு ஆட்டத்தைக் காட்ட வேண்டும், அதற்குள்.

கப்பலில் வந்திறங்கும் ஒரு பெண், காணாமல்போன தன் தம்பியைத் தேடி எங்கள் மார்க்கெட் வழியாக ஓடுவாள். அதுதான் ஆட்டம். கூட்டத்துக்கு முகம் வேண்டும். விலைக்குக் கிடைத்த முகங்களில் ஒன்றுகூட நம் ஊர்ச் சாயலில் இல்லை. எல்லோரும் வெயிலே படாதவர்கள். அதனால் நான்தான் சொன்னேன், நம் முகங்களையே எடுப்போம் என்று. சுழலும் ஸ்டூலில் ஒவ்வொருவராக உட்கார வைத்துச் சுற்றிச் சுற்றிப் படம். ஒரே சட்டம்: சிரிக்கக் கூடாது, சிரித்தால் வாய்க்கோணம் கெட்டுவிடும். சோதனைக்கு முதலில் உட்கார்ந்தவர் ஜெ. சார். பிரியா வளையல்காரி ஆனாள். அவள் மட்டும் சட்டத்தை மீறிச் சிரித்தாள், அது அழகாக இருந்ததால் விட்டுவிட்டேன். துரை வஞ்சிரம் விற்பவன்.

என் முகம் இல்லை. கேமராவுக்குப் பின்னால் நான்தானே. மார்க்கெட் மூலையில் ஒரு பூக்காரிக்கு மட்டும் முகம் மிஞ்சவில்லை. அவளைச் சுவர் பக்கம் திருப்பி நிற்க வைத்திருக்கிறேன், இரண்டு வருஷமாக.

எடுத்த இடத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம், இப்போதைக்கு எடுத்தால் போதும் என்றார். என் வேலைக்கு ஆபத்து வராது என்றும் சேர்த்துச் சொன்னார். கேட்காமலே சொன்னதுதான் உறுத்தியது.

நவம்பர் 12, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காயவில்லை.

துரைக்குப் போன் செய்தேன். சொல்லாமல் எடுக்க மனசு வரவில்லை. கனகசெட்டிக்குளத்தில் வீட்டில் இருந்தான், பின்னால் கடல் சத்தம். அவன் அம்மா அங்கே மீன் விற்பவர். ஆட்டத்தில் துரை கூவுவது அப்படியே அந்த அம்மாவின் கூவல்தான். போன பொங்கலுக்குக் காட்டியிருக்கிறான், தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

"தூக்கறதுன்னா தூக்குக்கா. ஆனா எங்கம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ வந்து சொல்லு."

போனை வைத்தபோது கோபம். அவன்மேல் இல்லை. வேலையை விட்டு அனுப்புவது ஒன்று. அவர்கள் இங்கே இருந்ததே இல்லை என்று ஆக்குவது இன்னொன்று. அதுவும் என் கையால்.

மாலை பதினோரு முகங்களையும் எடுத்தேன். சொன்னதைச் செய்தேன், ஒரு எழுத்துக் கூட்டாமல், குறைக்காமல். முகம் இல்லாத இடத்தில் ஆட்டம் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். ஜெ. சார் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

அப்பா கேட்டார், ஏன் இப்படிச் சாப்பிடுகிறாய் என்று. நல்ல பசி.

நவம்பர் 14, வெள்ளி

பிரமாதமான நாள். வரிசையாக எழுதிவிட வேண்டும்.

நல்ல வெளிச்சம், மழை இல்லை. திரையில் பாரிஸ் அம்மாள், கூட இரண்டு பேர். ஜெ. சார் இஸ்திரி போட்ட சட்டை. ஆட்டத்தை நான் ஓட்டினேன். கப்பல், துறைமுகம், படிக்கட்டு எல்லாம் சரி. மார்க்கெட்டுக்குள் நுழைந்தோம்.

வஞ்சிரம் விற்பவர் ஜெ. சார். பக்கத்தில் இறால் உரிப்பவர் ஜெ. சார். கூடை தூக்கும் கிழவி ஜெ. சார். பச்சைப் புடவை, மூக்குத்தி, மீசையோடு வளையல் விற்பவரும் ஜெ. சார். பதினோரு ஜெ. சாரும் கப்பலில் வந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முகம் காலியாக இருந்தால் ஆட்டம் முதலில் எடுத்த முகத்தைப் போட்டு நிரப்பிக்கொள்ளும். அவ்வளவுதான் ரகசியம்.

பாரிஸ்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜெ. சார் சிரிக்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பாரிஸ் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதையோ கேட்டார். எனக்குப் பிரெஞ்சு அரைகுறை, இது புரிந்தது: அந்தச் சிரிக்கிற வளையல்காரி எங்கே, எனக்கு அவளைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

ஜெ. சார் நிதானமாகப் பதில் சொன்னார். அதுவும் புரிந்தது. அவள் பெயர் பிரியா. திங்கட்கிழமை நீங்கள்தான் அனுப்பினீர்கள்.

பிறகு நெடுநேரம் பிரெஞ்சில் பேச்சு, ஜெ. சாரின் குரல் ஏறிக்கொண்டே போனது. முடித்து என் பக்கம் திரும்பியபோது தமிழ்.

"ஆளுங்கள திருப்பித் தர மாட்டாங்க. மொகத்த தந்துட்டாங்க. பதினோரு பேர்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுட்டு, வெச்சிடு."

"சரிங்க சார்."

"தெரிஞ்சுதான செஞ்ச?"

"ஆமாங்க சார்."

மீசை பொருத்தமாகத்தான் இருந்தது, பச்சைதான் தனக்கு ஒத்துவரவில்லை என்றார்.

பிரியாவுக்குப் போன் செய்து பாரிஸ் அம்மாள் கேட்டதைச் சொன்னேன். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். பிறகு, இன்னொரு முறை சொல்லு என்றாள். சொன்னேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மறுபடி மழை. பதினோரு பேரும் சரி என்றார்கள். துரை மட்டும் தன் மீன் கூடையை முன்வரிசைக்குக் கொண்டுவரச் சொன்னான், அம்மாவுக்குக் கண் மங்கலாம். கொண்டுவந்தாயிற்று.

மதியம் என் மெயில் வந்தது. வெள்ளியோடு முடிவு. முகத்தினால் வந்ததா, கணக்கினால் வந்ததா, தெரியாது. கேட்கவும் போவதில்லை. ஜெ. சார் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். நான்தான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

பயமா? கொஞ்சம். இரவுச் சாப்பாடு வரை இருந்தது. எனக்கு முகம் எடுக்கத் தெரியும், அது இங்கே என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் இல்லை. ஊரில் முகத்துக்கு என்ன பஞ்சம். துரையிடம் காது இருக்கிறது, மைக் என்னிடம் இருக்கிறது. முதலியார்பேட்டையில் எங்கள் மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. ஸ்டூல் மட்டும் வாங்க வேண்டும்.

அப்பாவிடம் சொன்னதற்கு, மாடி அறையில் அவர் போட்டுவைத்த பழைய சைக்கிளை யார் இறக்குவது என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

நவம்பர் 21, வெள்ளி

மேகமூட்டம். லேப்டாப்பை மாலை ஐந்துக்குள் ஒப்படைக்க வேண்டும். கடைசி பில்ட், இதுவரை செய்த ஆட்டம் முழுக்கச் சேர்ந்தது, ஐந்துக்கு முன்னால் பாரிஸுக்குப் போக வேண்டும். அதையும் நானேதான் அனுப்ப வேண்டும், வேறு ஆள் இல்லை.

மூன்று மணிக்கு ஜெ. சார் வந்து, பூக்காரி ஏன் எப்போதும் சுவரைப் பார்த்து நிற்கிறாள் என்று கேட்டார். இரண்டு வருஷத்தில் முதல் முறை. காரணத்தைச் சொன்னேன். கீழே போனார். திரும்பி வரும்போது கூடவே துரை. கடைசி நாள் என்று என்னைப் பார்க்க வந்தவனை வாசலில் செக்யூரிட்டி விடவில்லையாம், தன் விருந்தாளி என்று சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார்.

தன் முகத்தைத் தானே எடுக்க முடியாது, அதுதான் இந்த வேலையில் உள்ள சங்கடம். இரண்டு வருஷத்தில் ஒருவரிடமும் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஜெ. சார் சுற்றிவிட்டார், துரை எடுத்தான்.

"அக்கா, சிரிக்காத. வாய்க்கோணம் கெட்டுடும்னு நீதான சொல்லுவ."

அதைச் சொன்னதால்தான் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தேன், இடது ஓரத்தில் நின்றுவிட்டது. மறுபடி எடுக்க நேரமில்லை. அப்படியே போட்டேன்.

பூக்காரியைத் திருப்பினேன். வாய் ஒரு பக்கம் கோணல். வஞ்சிரக் கூடைக்கு நேர் எதிரே நிற்கிறாள்.

நாலு ஐம்பதுக்கு அனுப்பினேன். போய்விட்டது.