மேற்குக் குன்று

சார்,

இன்று காலை குளியலறைத் தரையைக் கழுவ வேலைக்காரப் பெண் ஆசிட் ஊற்றினாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்து நின்றீர்கள். நீங்கள் காலமாகி ஒரு மாதம் ஆகிறது. நினைவு மலருக்கு நாலு வரி வேண்டுமென்று உங்கள் மகன் கேட்டிருக்கிறார். நாலு வரியில் அடங்காததை உங்களுக்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில், ஒரு ஜூன் மாதம், விருதுநகர் கல்லூரியில் நீங்கள் தலைவராக இருந்த நிலவியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். துறையில் நான் ஒருத்திதான் பெண். என் கான்வென்ட் கையெழுத்தைப் பார்த்ததும், "அச்சு மாதிரி இருக்கும்மா, நீங்களே எழுதிருங்க" என்றீர்கள். அலமாரிக் கற்கள் அத்தனையிலும் வெள்ளைப் பெயின்ட் பொட்டு வைத்து எண் எழுதினேன். அதோடு நின்றுவிடுவேன் என்று நினைத்தீர்கள்.

சுண்ணாம்புக்கல் எங்கெங்கே கிடக்கிறதென்று ஒரு வரைபடம் போட, சனி ஞாயிறுகளில் ஆலங்குளம் பஸ் ஏறினேன். தீபாவளிப் பட்டாசு லோடு லாரிகள் கிளப்பிய புழுதியில், சுத்தியலும் ஆசிட் புட்டியுமாகக் கரிசல் காடுகளில் நடந்தேன். களையெடுத்த பெண்கள் சிரித்தார்கள்.

"ஏம்மா, கல்லு பொறுக்கவா அம்புட்டுப் படிச்சீக? எங்க காட்டுக்கு வாங்க, சும்மாவே அள்ளித் தாரோம்."

ஆசிட் பட்டுப் பொங்கினால் சுண்ணாம்புக்கல். அதை வரைபடத்தில் நீலமாகத் தீட்டினேன். மழையால் மேற்குக் குன்றுக்கு மட்டும் போக முடியவில்லை. தூரத்து வெண்மையை நம்பி நீலம் தீட்டி, பக்கத்தில் பென்சிலால் "சோதிக்கவில்லை" என்று குறித்தேன். மூலையில் என் பெயரும் பென்சிலில்தான். தலைவர் சரிபார்த்த பிறகே மை தொடுவது நம் துறை வழக்கம். உங்களிடம் கொடுத்தேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது வரைபடம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. மையில் உங்கள் பெயர் மட்டும். பென்சிலில் இருந்ததையெல்லாம் ரப்பர் தின்றிருந்தது.

"சார், என் பேரு?"

"கட்டிக்குடுத்துப் போற பொண்ணுக்குப் பேரு எதுக்கும்மா? நாளைக்கே இனிஷியல் மாறிரும்ல."

என் பெயரை அழித்த வேகத்தில் "சோதிக்கவில்லை"யையும் அழித்திருந்தீர்கள். படித்தே பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு நான் அந்தக் குன்றில் ஏறி ஆசிட் ஊற்றினேன். ஒரு நுரைகூட எழவில்லை. திங்கட்கிழமை உங்களுக்கு வணக்கம் மட்டும் சொன்னேன்.

ஏப்ரலில் சிமென்ட் கம்பெனிக்காரர்கள் சுண்ணாம்புக்கல் தேடி ஜீப்பில் வந்தார்கள். வரைபடத்தில் பெரிய நீலம் அந்தக் குன்றுதான். நேரே அங்கே கூட்டிப்போனீர்கள். புட்டி என் கையில். எஞ்சினியர் வாங்கி ஊற்றினார். கல் நனைந்தது, அவ்வளவுதான். ஆடு மேய்த்தவர் எட்டிப் பார்த்தார்.

"அது வெங்கச்சங்கல்லுய்யா. ரெண்டத் தட்டுனா தீப்பொறி வரும். பிள்ளைக வெளையாடுற கல்லு. இதுக்கா ஜீப்புல வந்தீக?"

எஞ்சினியர் கையிலிருந்த வரைபட நகலைச் சுருட்டினார். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"நீங்க முன்னாடியே சொல்லப்படாதாம்மா?"

"மேப்புல என் பேரு இல்லையே சார்."

அவர்கள் மறுபடி வரவில்லை. நீங்கள் அதன்பின் என்னோடு பேசவில்லை. அடுத்த ஜூனில் கல்யாணமாகி என் இனிஷியல் மாறியது. அந்த ஒன்றில் உங்கள் சொல் பலித்தது. மறைந்த என் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை. வெட்கப்பட்டு மறைக்கவில்லை. எனக்கென்று வைத்துக்கொண்டேன். அன்று முதல் பென்சிலால் எதையும் எழுதியதில்லை. சலவைச் சீட்டுகூட மையில்தான்.

உங்கள் மகனுக்கு இரண்டே வரி அனுப்பிவிட்டேன். "ஆலங்குளம் சுண்ணாம்புக்கல் வரைபடத்தை வரைந்தவள் நான். மேற்குக் குன்று மட்டும் சாருடையது." கீழே, என் அப்பாவின் இனிஷியலோடு, என் பெயர்.